எலிக்கு ஒண்ணும் ஆகல... அப்போ நமக்கு? மூலிகை மருந்துகளின் ‘லேப் டெஸ்ட்’ உண்மையில் சொல்வது என்ன?

செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பைக்கில் போயிருக்கிறீர்களா? ஏரிக்கரை, கருவேலங்காடு, அறுப்பு முடிந்த வயல், நடுநடுவே ஆட்டு மந்தை. பசியெடுத்த ஆடு முள்ளைக்கூட விட்டு வைக்காது. ஆனால், தமிழகத்தின் வறண்ட சமவெளிகளில் தரையோடு தரையாகப் படரும் ஒரு செடி உண்டு. இதய வடிவ இலை, கரும் ஊதா நிறத்தில் குழல் மாதிரி பூ. அதை மட்டும் ஆடு சீண்டாது. அதனால்தான் பெயரே ஆடுதீண்டாப்பாளை.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயர் ஒரு நச்சியல் ரிப்போர்ட். விலங்கைக் கவனித்து, ‘இதுல ஏதோ இருக்கு’ என்று யாரோ ஒற்றை வார்த்தையில் பதிவு செய்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆடு தொடாத அந்தச் செடியை வயிற்றுப் பூச்சிக்கும் தோல் நோய்க்கும் விஷக்கடிக்கும் மருந்தாக மனிதர்கள் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இன்று ஆட்டின் இடத்தில் வெள்ளை எலி இருக்கிறது. ‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது, பக்கவிளைவு இல்லை’ என்று மூலிகை கேப்ஸ்யூல் விளம்பரத்தில் பார்க்கிறோம். ‘அந்தக் கஷாயம் குடிச்சா குழந்தை பிறக்காதாம், எலியில நிரூபிச்சுட்டாங்க’ என்று வாட்ஸ்அப்பிலும் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் சாட்சிக்குக் கூப்பிடுவது அதே எலியைத்தான். அந்த எலி உண்மையில் என்ன சொன்னது?

2,000 மில்லிகிராம் கணக்கு

மூலிகை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று: ‘கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது’. இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

1927-ல் பிரிட்டன் விஞ்ஞானி ஜே.டபிள்யூ. டிரெவன் ஒரு முறையை முன்வைத்தார். ஒரு மருந்தை எவ்வளவு கொடுத்தால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்று கணக்கிடும் முறை அது. எல்.டி.50 என்பார்கள். இதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் ஏகப்பட்ட விலங்குகள் செத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் ஓ.இ.சி.டி. அமைப்பு தன் வழிகாட்டு நெறிகளில் இருந்து அந்தப் பழைய சோதனையை 2002-ல் நீக்கியது.

இப்போது பரவலாக இருப்பது ‘423’ என்ற எண் கொண்ட நெறிமுறை. ஒரு கட்டத்துக்கு 3 எலிகள், பெரும்பாலும் பெண் எலிகள். மருந்தை ஒரே ஒரு தடவை வாய்வழியாகக் கொடுத்து, 14 நாள் கவனிப்பார்கள். சாகிறதா, எடை குறைகிறதா, நடை மாறுகிறதா, ரோமம் சிலிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். 2,000 மில்லிகிராமிலும் சாகவில்லை என்றால் சோதனை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 2,000-ஐ 60-ஆல் பெருக்கி, ‘எனக்கு 120 கிராம் வரை ஓகே’ என்று நினைத்துவிடக் கூடாது. எலியின் உடல் சிறியது, வளர்சிதை மாற்றம் வேகமானது. அதனால் எலிக்கான டோஸை மனிதருக்கு மாற்றும்போது தோராயமாக 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 120 கிராம், சுமார் 19 கிராமாகச் சுருங்கிவிடும். அதுவும் ‘ஒரு தடவை விழுங்கினால் இரண்டு வாரத்தில் செத்துப்போக மாட்டார்’ என்ற அளவுக்குத்தான் உத்தரவாதம். தினமும் ஆறு மாதம் சாப்பிடலாமா என்ற கேள்வியை இந்தச் சோதனையில் யாருமே கேட்கவில்லை.

அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. 28 நாள், 90 நாள் தொடர்ந்து கொடுத்து ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். பிறகு எலியை அறுத்து கல்லீரல், சிறுநீரகம், விதைப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிய சீவலாக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுநோய் வருமா என்று பார்க்க எலியின் கிட்டத்தட்ட முழு ஆயுள், அதாவது 2 ஆண்டு வேண்டும். செலவு ஏறும், காலம் ஏறும். அதனால் பல மூலிகைகளின் கதை அந்த 14 நாளோடு முடிந்துவிடுகிறது. ஒரே செடிக்கு ஒரே 14 நாள் சோதனையை ஒவ்வொரு காலேஜிலும் திரும்பத் திரும்பச் செய்வதில் எலிக்கும் லாபம் இல்லை, நமக்கும் லாபம் இல்லை என்பது என் கருத்து.

பிரசல்ஸில் பழுதான சிறுநீரகங்கள்

இப்போது ஆடுதீண்டாப்பாளைக்கு வருவோம். அது அரிஸ்டோலோக்கியா என்ற தாவரக் குடும்பப் பேரினத்தைச் சேர்ந்தது. பாம்புக்கடிக்கு நாட்டு வைத்தியத்தில் பேர்போன ஈஸ்வரமூலியும் இதே இனம்தான். இந்தச் செடிகளில் இருக்கும் பொருளின் பெயர் அரிஸ்டோலோக்கிக் அமிலம்.

சுத்தமான அந்த அமிலத்தை எலிக்கு ஒரே தடவையில் கொடுத்துக் கொல்ல வேண்டும் என்றால் கிலோவுக்கு சுமார் 200 மில்லிகிராம் தேவை. செடியில் அமிலம் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். ஒரு பேச்சுக்கு, செடிச் சாற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு அமிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 மில்லிகிராம் சாறு கொடுத்தாலும் எலிக்குள் போகும் அமிலம் 2 மில்லிகிராம்தான். எலி சாகாது. 14 நாள் சோதனையில் ‘பாதுகாப்பானது’ என்று பாஸ் ஆகிவிடும்.

ஆனால், ஜெர்மனியில் இந்த அமிலத்தை மருந்தாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில் எலிகளுக்கு அதை நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தார்கள். கிலோவுக்கு தினமும் 1 மில்லிகிராம், 3 மாதம். கொல்லும் அளவில் கிட்டத்தட்ட 200-ல் ஒரு பங்கு. எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. 1981-ல் ஜெர்மனி அந்த மருந்துகளைச் சந்தையில் இருந்து எடுத்தது. 1982-ல் ஆய்வு முடிவு வெளியானது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

பெல்ஜியம் தலைநகர் பிரசல்ஸில் எடை குறைப்பு கிளினிக் ஒன்று. பல வருஷமாக நடந்து வந்தது. 1990-ல் அங்கே கொடுத்த மாத்திரையில் சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். அதில் ஒரு மூலிகை பெயர்க் குழப்பத்தால் மாறிப்போனது. கேட்ட செடிக்குப் பதிலாக வந்தது ஒரு அரிஸ்டோலோக்கியா. இரண்டுக்கும் சீன மொழியில் கிட்டத்தட்ட ஒரே பெயர்! உடம்பு மெலிய வந்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் பழுதானது. 1993-ல் ‘லான்செட்’ இதழ் முதல் தகவலை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பிறகு 100-ஐத் தாண்டியது. செயலிழந்த சிறுநீரகங்களை அகற்றிய 39 பேரைப் பரிசோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் என்று 2000-ல் வெளியான ஆய்வு சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எலிக்குப் புற்றுநோய் முக்கியமாக வந்தது இரைப்பையின் முன்பகுதியில். அப்படி ஒரு பகுதியே மனிதருக்குக் கிடையாது. ‘நமக்குத்தான் அந்த உறுப்பே இல்லையே’ என்று யாராவது வாதாடியிருக்கலாம். மனிதருக்கு வேறு இடத்தில் வந்தது. இடம் தப்பு, எச்சரிக்கை சரி. 2002-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, அரிஸ்டோலோக்கியா செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு.

நிலவேம்பு: 2017 சண்டை

நம்ம ஊர் கதைக்கு வருவோம். டெங்கு சீசன் வந்தால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் முதல் தெருமுனை வரை நிலவேம்புக் குடிநீர் கிடைக்கும். (மாவட்டம் பிரிந்த பிறகு, 2019 முதல் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டக் கணக்கில் வருகிறது.) 2017 அக்டோபரில் ‘நிலவேம்பு குடித்தால் மலட்டுத்தன்மை வரும்’ என்ற தகவல் தீயாகப் பரவியது. ஆய்வு முடியும் வரை விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தன் இயக்கத்தினரைக் கேட்டுக்கொள்ள, பெரிய சர்ச்சை. அரசு தரப்பு ‘பாதுகாப்பானதுதான்’ என்றது.

வதந்தி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருந்தது, அதுவும் தமிழ்நாட்டு ஆய்வு. எம்.ஏ. அக்பர்ஷாவும் சக ஆய்வாளர்களும் 1990-ல் வெளியிட்டது. ஆண் எலிகளுக்கு நிலவேம்பு இலைப் பொடியைத் தினமும் 20 மில்லிகிராம் வீதம் 60 நாள் கொடுத்தார்கள். விந்தணு உற்பத்தி நின்றுபோனது.

1997-ல் வேறொரு குழு, உலர்த்திய நிலவேம்புச் சாற்றைக் கிலோவுக்கு 20, 200, 1,000 மில்லிகிராம் என்று மூன்று அளவில், அதே 60 நாள் கொடுத்தது. விதைப்பையில் எந்தப் பாதிப்பும் இல்லை. பிறகு 2000-ல் அக்பர்ஷா தரப்பு, நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடை மட்டும் தனியாகக் கொடுத்து, மறுபடி பாதிப்பைக் காட்டியது. ஆக, யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்து ஃபார்வர்ட் செய்ய ஒரு எலி தயாராக இருந்தது.

யார் சொல்வது சரி? கொடுத்த பொருளே வேறு வேறு. ஒன்று முழு இலைப் பொடி, ஒன்று சாறு, ஒன்று பிரித்தெடுத்த ரசாயனம். நாம் குடிப்பது இந்த மூன்றுமே இல்லை. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என 9 பொருட்கள். தண்ணீரில் காய்ச்சி வடிகட்டியது. 

‘அளவு ரொம்ப அதிகம், அதனாலதான் எலிக்கு அப்படி ஆச்சு’ என்று அப்போது பலர் சமாதானம் சொன்னார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு சரியில்லை. எலி 200 கிராம் என்று வைத்தால், 20 மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 100. 6.2-ஆல் வகுத்தால் சுமார் 16. அறுபது கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் இலைப் பொடி. 5 கிராம் குடிநீர்ப் பொடியில் ஒன்பதில் ஒரு பங்கு நிலவேம்பு என்றால் அரை கிராமுக்குச் சற்று மேல். இரண்டு வேளை குடித்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

உண்மையான வித்தியாசம் நாட்களில் இருக்கிறது. எலிக்கு விந்தணு ஒரு சுற்று உருவாக ஏறக்குறைய 52 நாள், மனிதருக்கு 74 நாள். அந்தச் சுற்று முழுவதையும் தாண்டும்படி 60 நாள் எலிக்குக் கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு நாம் குடிப்பதோ சில நாட்கள், அதுவும் வடிகட்டிய கஷாயம். ‘காய்ச்சலுக்கு 5 நாள் குடித்தால் குழந்தை பிறக்காது’ என்று எந்த எலியும் சொல்லவில்லை. அதேபோல, ‘இம்யூனிட்டி’ என்ற பெயரில் நிலவேம்பு கேப்ஸ்யூலை மாதக்கணக்கில் முழுங்கினால் ஒன்றும் ஆகாது என்பதற்கும் அந்தச் சில நாள் அனுபவம் சாட்சி ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் மூலிகைத் தொகுப்பில் உள்ள அறிவுரை.

எலியால் சொல்ல முடியாதது

கொரோனா காலத்தில் சீந்தில் கொடி திடீர் ஸ்டார் ஆனது. வடக்கே ‘கிலோய்’ என்பார்கள். மும்பை மருத்துவர்கள் 2020 கடைசியில் கல்லீரல் பாதிப்போடு வந்த 6 பேரைப் பார்த்தார்கள். எல்லோருமே சீந்தில் சாப்பிட்டவர்கள். 2021-ல் இதை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, சீந்தில் மாதிரியே இருக்கும் வேறு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகளில் இருந்து 43 பேரின் விவரங்கள் வெளியாயின. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு அது.

இது எல்லோருக்கும் வராது. மரபிலோ ஏற்கெனவே உள்ள நோயிலோ ஏதோ ஒன்று இருக்கும் சிலருக்கே வரும். ஒரே வம்சத்தில், ஒரே தீவனத்தில், ஒரே வெப்பநிலையில் வளரும் பத்து ஆரோக்கியமான எலிகளில் அந்த ‘சிலர்’ இருக்கவே மாட்டார்கள். தைராய்டு மாத்திரையோ சுகர் மாத்திரையோ போடும் எலியும் அங்கே இல்லை.

உடலுக்கு உடல் மாறுவது தனிக் கதை. சில முயல்களின் ரத்தத்தில் அட்ரோபினைச் சிதைக்கும் நொதி உண்டு. ஊமத்தையில் இருக்கும் விஷங்களில் அட்ரோபினும் ஒன்று. முயலைப் பார்த்து நாம் அதைச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரிதான். நாம் ஜாலியாகச் சாப்பிடும் சாக்லேட் நாய்க்கு விஷம்.

வடநெம்மேலியில் இருந்து ஒரு எண்

விலங்குச் சோதனை நேரடியாக உயிர் காக்கும் இடமும் இதே கடற்கரையில் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு முன்னால் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் உருவானது. இங்கே எடுக்கும் விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகும். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் இருந்து விஷமுறிவு மருந்து எடுப்பார்கள். ஒவ்வொரு பேட்ச்சையும் சுண்டெலியில் சோதிப்பார்கள். 1 மி.லி. மருந்து 0.6 மில்லிகிராம் நல்லபாம்பு விஷத்தையும் 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தையும் 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன் விஷத்தையும் 0.45 மில்லிகிராம் சுருட்டை விரியன் விஷத்தையும் முறிக்க வேண்டும். பாட்டிலில் அந்த எண் இருப்பதால்தான் டாக்டருக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது.

பாம்புக்கடிக்கு வேரை அரைத்துக் கொடுக்கும் வைத்தியத்தில் இப்படி ஒரு எண் கிடையாது. செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளர் பெண்கள் நலச் சங்கம் மூலிகைத் தோட்டம் வைத்து எத்தனையோ செடிகளைக் காத்து வருகிறது. அந்த அறிவின் மதிப்பு தனி. ஆனால் பாம்பு கடித்தால் நேராக ஆஸ்பத்திரி, வேறு பேச்சே இல்லை.

சட்டம் என்ன கேட்கிறது?

மருந்துகள் விதிகளில் 2010-ல் சேர்த்த 158-பி விதிதான் இதற்கு அடிப்படை. சட்ட அட்டவணையில் உள்ள பழைய நூல்களில் சொன்னபடியே, சொன்ன நோய்க்கே தயாரித்தால் புதிதாகப் பாதுகாப்புச் சோதனை தேவையில்லை. நீண்ட கால வழக்கமே சான்று. எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம் போன்ற விஷப் பொருட்கள் இ(1) என்ற பட்டியலில் இருக்கின்றன. அவை சேர்ந்த மருந்தைப் புதிய நோய்க்கு விற்க வேண்டும் என்றால் சோதனை தேவை.

நீண்ட கால வழக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சாப்பிட்டதும் வாந்தி, மயக்கம், பேதி என்றால் அது பரம்பரையின் கண்ணில் இருந்து தப்பாது. சேராங்கொட்டையைச் ‘சுத்தி’ செய்யாமல் தொடாதே என்று சொன்னதே அந்த அனுபவம்தான். பத்து வருஷம் கழித்து வரும் சிறுநீரகப் புற்றுநோயை, முன்பு சாப்பிட்ட இலையோடு முடிச்சுப் போட எந்த வைத்தியராலும் முடிந்திருக்காது. ஆடுதீண்டாப்பாளை தப்பித்தது அந்த இடைவெளியில்தான்.

எலி இல்லாமல் முடியுமா?

கொஞ்சம் முடிகிறது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் மரபணுவைக் கெடுக்கும் என்பதைச் சால்மோனெல்லா பாக்டீரியாவில் செய்யும் ஏம்ஸ் சோதனையே காட்டிக்கொடுத்தது. அதற்கு எலி வேண்டாம், இரண்டு வருஷமும் வேண்டாம். இதைக் கடைக்கு வரும் ஒவ்வொரு மூலிகைச் சாற்றுக்கும் முதல் வடிகட்டியாக ஏன் கட்டாயமாக்கக் கூடாது என்பது எனக்குப் புரியாத ஒன்று. இந்தியாவில் 1998 விதிகளின்படி, விலங்கைத் தொடும் முன் ஆய்வக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 2023-ல் புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, செல் வளர்ப்பு, சிப்பில் உறுப்பு போன்ற மாற்று வழிகளையும் அரசு ஏற்றது. நிலவேம்பு எலி ஆய்வைச் செய்த அதே அக்பர்ஷா, பிற்பாடு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்குகளுக்கு மாற்று தேடும் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையத்தின் இயக்குநராக இருந்தார் என்பது சுவாரசியமான திருப்பம்.

சரி, உங்கள் கையில் இருக்கும் பாட்டிலை என்ன செய்வது? ‘சோதிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தால் எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேளுங்கள். கஷாயத்துக்குச் செய்த சோதனை கேப்ஸ்யூலுக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் சாப்பிடுவதாக இருந்தால் கல்லீரல், கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் டாக்டரிடம் ‘சித்தா சாப்பிடுறேன்’ என்று சொல்லத் தயங்காதீர்கள், பலர் மறைக்கிறார்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 

மீதி மருந்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆயுஷ் மருந்துகளின் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2018 முதல் ஒரு தேசியக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, தாம்பரத்தின் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் ஒரு மையம். அங்கே புகார் கொடுக்கும்போது மருந்தின் பெயர் மட்டும் போதாது. பேட்ச் நம்பர், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், கூடவே வேறு என்ன மாத்திரை என்று எல்லாம் வேண்டும். முடிந்தால் பாட்டிலையே எடுத்துப் போங்கள். உள்ளே இருப்பது சீந்திலா வேறு கொடியா என்பதை மிச்சம் இருக்கும் அந்தப் பொடியை வைத்துத்தான் பார்க்க முடியும்.